சித்தியின் பதிவு எண்

என் சித்தி அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரை, அவர் அவளைவிட இரண்டு மடங்கு கனமாக இருந்தாலும், ஒரு முனகல்கூட வராமல் ஒருக்களித்துத் திருப்பிவிடுவாள். தூக்க மாட்டாள். விரிப்போடு சேர்த்து தன் பக்கம் மெல்ல இழுத்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாதபடி துண்டைச் சுருட்டிக் கீழே கொடுப்பாள். பிறகு விரிப்பின் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிவிடுவாள். ஒரு சுருக்கம் போதும், அதுவே புண்ணாகிவிடும் என்பாள். இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில் தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுப்பாள். அழுத்திய இடம் வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பிழைத்தது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அன்றைக்கு அவள் சாப்பிட மாட்டாள்.

நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்த வேலைதான். அவள் பார்த்த ஒருவருக்குக்கூட படுக்கைப் புண் வந்ததில்லை. இதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை. சித்தப்பாதான் சொல்வார். அவர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். "நான் தொட்ட லிப்டெல்லாம் மறு வாரமே நின்னுடுது, இவ தொட்ட ஆளுங்க மட்டும் எப்படித்தான் நல்லாயிருக்காங்களோ" என்பார்.

நாங்கள் அவர்கள் வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். பள்ளிக்கூடம் முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நான் வீட்டில் இருந்த வருஷத்தில்தான் இதெல்லாம் நடந்தது. கண்ணால் பார்த்ததையும் அவர்கள் இருவரும் சொல்லக் கேட்டதையும் எழுதுகிறேன். சித்தியைப் பற்றி ஒரு அலுவலகத்தின் கம்ப்யூட்டரில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. இதுவும் எங்காவது எழுதப்பட்டு இருக்கட்டும்.

அப்போது சித்தி பார்த்துக்கொண்டிருந்தது டெலிபோன் அம்மாவை. டெலிபோன் ஆபீஸில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பி வந்தது, அதுவும் வசவோடு வந்தது. சித்தியை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. சர்க்கஸ் என்பார்.

"என்னடி சர்க்கஸ், இப்ப எந்தப் பக்கம் உருட்டப் போற?"

"காலையிலேருந்து ஜன்னலயே பாத்தாச்சு. இப்ப செவுத்தப் பாருங்க."

"செவுத்துல என்ன இருக்கு பாக்க?"

"ஒண்ணுமில்ல. அதனாலதான். கொஞ்ச நேரம் வாயாவது சும்மா இருக்கும்."

"எம் பொண்ணு வரட்டும், உன்ன வேலய விட்டுத் தூக்கச் சொல்றேன்."

"முதல்ல உங்கள யாரு தூக்குவாங்கன்னு கேட்டு வையுங்க."

இப்படியே அவர்களுக்குப் பொழுது போகும். மகள் ஆபீஸ் போய்விட்டு இருட்டும் நேரத்தில் வருவார். அதுவரை அந்த அடுக்குமாடி வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான்.

இந்த வேலைக்கு ஒரு பதிவு உண்டு. அரசாங்கத்தின் பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுத்து, பரீட்சை எழுதி, ஒரு எண் வாங்க வேண்டும். படம் ஒட்டிய அட்டை கொடுப்பார்கள். ஒருவரை வேலைக்கு எடுக்க நினைக்கும் குடும்பம் அந்த எண்ணைப் போனில் போட்டுப் பார்த்தால் பெயர், எத்தனை வருஷ அனுபவம், புகார் ஏதாவது உண்டா என்பதெல்லாம் வரும். எண் இல்லையென்றால் எந்த வீட்டிலும் எந்த ஆஸ்பத்திரியிலும் நோயாளியைத் தொட விட மாட்டார்கள். சித்தியின் மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் சித்தியின் போனுக்கு ஏஜென்சியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவளை வீடுகளுக்கு அனுப்பி வைக்கிற ஏஜென்சி. உங்கள் தனிப்பட்ட தகவல்களில் சில எங்கள் கட்டுப்பாட்டை மீறிச் சென்றிருக்கலாம், பதற்றப்பட வேண்டாம், பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளவும் என்று இருந்தது.

சாயங்காலம் வந்து சித்தப்பாவிடம் காட்டினாள். "எந்த பாஸ்வேர்டுங்க? எனக்கு ஏது பாஸ்வேர்டு?"

சித்தப்பா படித்துவிட்டு, "உன் தகவல் வெளிய போயிடுச்சாம். போனது போச்சு, வரும்போது தக்காளி வாங்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. ஏஜென்சி மேடத்துக்குப் போன் போட்டாள். காரில் வைத்திருந்த லேப்டாப் திருட்டுப் போய்விட்டதாம். அதில் எல்லாருடைய அட்டை நகலும், சான்றிதழும், முகவரியும், கையெழுத்தும் இருந்ததாம்.

"எல்லாருதும்தான் போச்சு. உங்களது மட்டுமா போச்சு?" என்றார் மேடம், அது ஏதோ ஆறுதல் மாதிரி.

சித்தி விரிப்பில் சுருக்கம் தேடுகிறவள். சும்மா இருக்கவில்லை. லீவு போட முடியாது என்பதால் வேலைக்குப் போகும் முன்னும், அந்த மகள் வீட்டில் இருக்கும் சனிக்கிழமைகளில் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பியும் ஓடினாள். பேங்குக்குப் போய் ரகசிய எண்களை மாற்றினாள். தன் பெயரில் யாராவது கடன் கேட்டு வந்தால் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். வேறு யாரும் தன் நம்பரில் சிம் வாங்க முடியாதபடி போன் கம்பெனியில் சொல்லி வைத்தாள். போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கினாள். என் பேரில் யாராவது அவசரம் என்று பணம் கேட்டால் நம்பாதீர்கள் என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொன்னாள். இதில் ஒரு மாமா, "உனக்கே அவசரம்னாலும் தர மாட்டேன், கவலப்படாத" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

பேங்கில் இருந்த பெண், "இனிமே உங்க பேர்ல யாராலயும் ஒரு ஊசிகூட வாங்க முடியாதும்மா" என்று சொல்லி அனுப்பினாள்.

பேங்கில் சொன்ன எல்லாமே சரிதான். சித்தி செய்த எல்லாமே சரிதான். போகாமல் விட்ட ஒரே இடம் பதிவு அலுவலகம். அங்கேயும் சொல்லி வைக்கலாமா என்று ஒரு தடவை கேட்டாள். சித்தப்பா சொன்னார்: "ஏன், உன் பேரத் திருடிட்டுப் போய் யாராவது வயசானவங்களுக்குப் பீ மூத்திரம் அள்ளப் போறாங்களா? அந்த வேலைக்குத் திருட்டுப் பேரு வேறயா?"

சித்தியும் சிரித்துவிட்டாள். அவர்கள் இரண்டு பேருக்கும் அது திருடத் தகுந்த பொருளாகத் தோன்றவில்லை. பணத்தைத்தான் திருடுவார்கள் என்று நினைத்தார்கள். பேங்கில் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகப் படுத்தார்கள்.

சில மாதங்களில் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. சித்தி போய் வரிசையில் நின்றாள். கவுண்டரில் இருந்தவர் எண்ணை அடித்துவிட்டு, திரையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"உங்க நம்பர நிறுத்தி வெச்சிருக்காங்களே. உங்க மேல புகார் இருக்கு."

"என்ன புகார் சார்?"

வேறொரு ஊர்ப் பெயரைச் சொன்னார். சித்தி அந்த ஊருக்குப் போனதே இல்லை. அங்கே ஒரு வீட்டில், இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஒரு பெரியவரைப் பார்த்துக்கொள்ள இந்த எண்ணைக் காட்டி ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அனுபவத்தைப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பம் நம்பி விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறது. அவள் அவரை மல்லாக்கப் போட்டது போட்டபடியே வைத்திருந்திருக்கிறாள். கெட்ட வாடை வந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் போர்வையை விலக்கிப் பார்த்தார்கள். அதற்குள் அவள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள்.

படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். கவுண்டர்காரர் திரையைச் சித்தி பக்கம் திருப்பினார்.

சித்தி கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். தன்மேல் வந்த புகார் என்பது அந்தக் கணத்தில் அவளுக்கு மறந்தே போய்விட்டது.

"ஐயோ, எலும்பு வரைக்கும் போயிருக்கே" என்றாள். "சார், இது ஒரு நாள் ரெண்டு நாள்ல வந்தது இல்ல. இவரத் திருப்பவே இல்ல. ஒரு தடவகூட யாரும் திருப்பல."

"அதத்தாம்மா அவங்களும் எழுதியிருக்காங்க" என்றார் அவர்.

அன்று வீட்டுக்கு வந்து சித்தி சொன்ன ஒரே வார்த்தை, "திருடின்னு எழுதியிருந்தாக்கூடப் பரவால்லங்க." அன்றைக்குச் சித்தப்பாதான் அவளுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டார்.

விசாரணைக்கு நாள் கொடுத்தார்கள்; முடிவு வரும்வரை இப்போதிருக்கும் வீட்டுக்கு மட்டும் போகலாம், புது வீடு கூடாது என்றார்கள். சித்தி ஆதாரங்களைச் சேர்த்தாள். லேப்டாப் போனபோது கொடுத்த போலீஸ் புகாரின் ரசீது இருந்தது. அது பேங்க் பணத்துக்காகக் கொடுத்தது, ஆனாலும் இருந்தது. அந்தப் பெண் வேறு ஊரில் வேலை பார்த்த அதே மாதங்களில் சித்தி தினமும் டெலிபோன் அம்மா வீட்டில் இருந்தாள். அந்த அடுக்குமாடியின் கேட்டில் வாட்ச்மேன் ஒவ்வொரு நாளும் அட்டையை மிஷினில் காட்டித்தான் உள்ளே விடுவார். அந்தப் பதிவுகளை வாங்கினாள். டெலிபோன் அம்மாவின் மகள் ஒரு கடிதம் கொடுத்தார். இவர் என் அம்மாவைத் தினமும் பார்த்துக்கொண்டார், ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை என்று.

அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கும்போதே சித்தியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டதாம்.

ஏனென்றால் இந்த வேலையில் வெளியே சொல்லாத வழக்கம் ஒன்று உண்டு. லீவு என்று சொன்னால் ஏஜென்சி வேறு ஆளை அனுப்பும். வந்த ஆளை வீட்டுக்குப் பிடித்துவிட்டால் பழைய ஆளுக்கு அந்த வீடு போச்சு. அதனால் காய்ச்சல், குழந்தைக்கு முடியவில்லை என்றால், இவர்களே நம்பிக்கையான ஒருத்தியிடம் தங்கள் அட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாட்ச்மேனுக்கு அட்டை போதும், முகத்தைப் பார்க்க மாட்டார். நோயாளிக்கு முதலிலேயே சொல்லி வைத்துவிடுவார்கள். வீட்டுக்காரர்கள் ஆபீஸ் கிளம்பிய பிறகு வந்து, அவர்கள் திரும்புவதற்குச் சற்று முன் போய்விடுவதால் அவர்களுக்குத் தெரியாது. இந்த வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் ஒரு தடவையாவது அட்டை கொடுத்திருப்பார்கள், அல்லது வாங்கியிருப்பார்கள். அதை அவர்கள் பொய் என்று நினைப்பதே இல்லை. நோயாளியைத் தனியாக விடாமல் இருப்பதற்கு ஒரு வழி என்றுதான் நினைக்கிறார்கள்.

அந்த மாதங்களில் சித்திக்கு ஒரு தடவை கடும் காய்ச்சல். அவள் தோழி குட்டை அக்காதான் சித்தியின் அட்டையோடு இரண்டு மூன்று நாள் போய்ப் பார்த்துக்கொண்டாள். வந்து, "அந்தக் கெழவி என்ன சர்க்கஸ் நம்பர் டூன்னு கூப்புடுதுடி" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் குட்டை அக்கா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இங்க பாரு. அட்ட கொடுத்த கதைய மட்டும் அங்க எடுத்துடாத. கேட்டா இல்லன்னு சொல்லு. ஒரு வார்த்த, இல்ல. அவ்ளோதான்."

"கேக்க மாட்டாங்க அக்கா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உன் வாய எனக்குத் தெரியும். மனசுல ஒண்ண வெச்சிக்கிட்டு மூஞ்சிய மறைக்கத் தெரியாது உனக்கு."

விசாரணை அதிகாரி ஒரு அம்மா. கெட்டவர் இல்லை, சித்தப்பாவே அதைச் சொன்னார். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எல்லாத் தாள்களையும் பொறுமையாகப் படித்தார். கேட் பதிவைத் தேதி தேதியாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு மகளின் கடிதத்தை எடுத்தார்.

"இத்தன மாசத்துல ஒரு நாள்கூட லீவு இல்லையா? உடம்புக்கு வராதா உங்களுக்கு?"

சித்தி அந்தக் கடிதத்தையே பார்த்தாள்.

"இந்தப் பதிவெல்லாம் உங்க அட்டை உள்ள போச்சுன்னு காட்டுதும்மா. அட்டையோட போனது நீங்கதானே? வேற யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பினது உண்டா?"

சித்தப்பா மேஜைக்கு அடியில் சித்தியின் காலை மிதித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"கொடுத்திருக்கேன் மேடம். காய்ச்சல்ல கெடந்தேன். ரெண்டு மூணு நாள்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரெண்டா, மூணா?"

"சரியா நெனப்பில்ல."

"அப்போ எந்த நாள்ல போனது நீங்க, எந்த நாள்ல போனது அவங்கன்னு நான் எப்படிச் சொல்றது?" கேட் பதிவை மறுபடி ஒரு தடவை புரட்டிவிட்டு அவரே சொன்னார், "சரி, போனது யாரு? அவங்க வந்து நான் இத்தன நாள்தான் போனேன்னு எழுதிக் கொடுத்தா, மிச்ச நாளெல்லாம் நீங்கன்னு எடுத்துக்கக் கொஞ்சம் இடம் இருக்கு."

"அவங்க பேர எழுதினா அவங்க நம்பரயும் நிறுத்திடுவீங்களா மேடம்?"

"அடுத்தவங்க அட்டையில போனது தப்புதானே. விசாரிக்கணும்."

"அப்ப வேணாம் மேடம். அவங்களுக்கும் ஒரு நம்பர்தான் இருக்கு."

வெளியே வந்ததும் சித்தப்பா வெடித்தார். "இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்?"

"என் பேர்ல இன்னொருத்தி போனா, அதுக்கு நியாயம் கேக்கத்தானே வந்தோம்? இங்க வந்து நானே எப்படிங்க பொய் சொல்றது?"

"நியாயம் கேட்ட இல்ல, வாங்கிட்டுப் போ, கை நெறைய" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்துவிட்டார். ஆனால் பஸ் ஸ்டாப்பில் காத்துக்கொண்டு நின்றார்.

குட்டை அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. தன் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டதும் வந்து சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வந்து சொல்கிறேன் என்று சொல்வாள் என நான் எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. சித்தியும் கேட்கவில்லை. குட்டை அக்கா வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். கோபப்படலாம் என்று பார்த்தேன், என்னால் முடியவில்லை.

அலுவலகத்திலிருந்து டெலிபோன் அம்மாவின் மகளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அவர் சித்திக்குப் போன் செய்தார். சத்தம் போடவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது என்று சித்தி பிறகு சொன்னாள்.

"உங்க பேர யாரோ எடுத்துட்டாங்கன்னு அழறீங்க. சரி. எங்க அம்மாவ நீங்க யார்கிட்டயோ கொடுத்துட்டுப் போயிருக்கீங்க. எனக்குத் தெரியாம. நாளைக்கு வர வேணாம்."

"அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு..."

"நான் சொல்லிக்கிறேன்."

போன் வைக்கும் சத்தத்துக்கு முன்னால் உள்ளேயிருந்து, "யாருடி போன்ல, சர்க்கஸா?" என்று கேட்டதாம். அதற்கு மகள் என்ன பதில் சொன்னார் என்று தெரியாது.

முடிவு கடைசியில் வந்தது. அந்தப் பெண் யாரென்று கண்டுபிடிக்கப்படவில்லை. சித்தியின் படத்தைக் காட்டிக் கேட்டதற்கு, வந்தவள் எப்போதும் மாஸ்க் போட்டிருந்தாள், உறுதியாகச் சொல்ல முடியாது என்று அந்தக் குடும்பம் எழுதிவிட்டது. அந்த ஊர் போலீஸ் தேடுவதாகச் சொல்கிறது. சித்தியின் மேல் புகார் நிரூபிக்கப்படவும் இல்லை, விலக்கப்படவும் இல்லை. பழைய எண்ணை இனிமேலும் யாரும் தவறாகப் பயன்படுத்தாதிருக்க, அதை மூடிவிடலாம். சித்தி விரும்பினால் புதிய எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். எந்த அனுபவம் யாருடையது என்று உறுதி செய்ய முடியாததால், பழைய எண்ணில் உள்ள வருஷங்களைப் புதிய எண்ணுக்கு மாற்ற இயலாது. புதியவர்களுக்கு உள்ள பயிற்சி அவருக்கும் உண்டு. பயிற்சிக் காலத்தில் படுக்கையில் உள்ள நோயாளியைத் தனியாகப் பார்க்கக் கூடாது.

"இது உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்றார் அந்த அதிகாரி. அவர் அதை நம்பித்தான் சொன்னார். ஒரு விதத்தில் அது உண்மையும்கூட. இனி சித்தியின் பேரில் யாரும் எந்த வீட்டுக்குள்ளும் போக முடியாது. சித்தியும் போக முடியாது.

சித்தி கொஞ்ச நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தாள். வீட்டில் விரித்த விரிப்பையே மறுபடி மறுபடி எடுத்து விரித்தாள். சித்தப்பா, "என்னத் திருப்பிப் போட்டுப் பழகு, நான் கம்முனு கெடக்கிறேன்" என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வேறு வேலை கிடைக்குமா என்று பார்த்தாள். ஒரு துணிக்கடையில் கேட்டார்கள், இதுவரைக்கும் என்ன செய்தீர்கள் என்று. சொன்னாள். நம்பர் என்ன என்று கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டாள்.

கடைசியில் பழைய எண்ணை மூடக் கையெழுத்துப் போட்டாள். புதிய எண்ணுக்கும் போட்டாள்.

பயிற்சி ஒரு நீளமான அறையில் நடக்கிறது. என் வயதுப் பெண்கள்தான் அதிகம். போன வாரம் ஒரு நாள் சித்தி மதியச் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனதால் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைப் படுக்க வைத்து, அதை எப்படித் திருப்புவது என்று ஒரு சின்ன வயது டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். தோளையும் இடுப்பையும் பிடித்துத் தூக்கச் சொன்னார். ஒவ்வொருவராக வந்து தூக்கினார்கள். பொம்மையின் கை ஒரு பக்கம் தொங்கியது, எல்லாரும் சிரித்தார்கள்.

சித்தியின் முறை வந்தது. அவள் தூக்கவில்லை. விரிப்போடு சேர்த்து இழுத்து, முட்டிக்கு நடுவே தலையணை வைத்து, ஒரே மூச்சில் முடித்துவிட்டு, விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். அறையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அட, நல்லா பண்றீங்களே" என்றார் டீச்சர். "இதுக்கு முன்னாடி எங்கயாவது பேஷன்ட் பாத்திருக்கீங்களா?"

சித்தி விரிப்பிலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல மேடம்" என்றாள். "யாரயும் பாத்ததில்ல."

"அப்ப நான் சொன்ன மாதிரியே செய்யணும். தோளப் பிடிச்சுத் தூக்குங்க."

சித்தி பொம்மையை மறுபடி மல்லாக்கப் படுக்க வைத்தாள். தோளைப் பிடித்துத் தூக்கினாள்.